தங்கள் வீட்டில் நாங்கள் குடியேறியிருப்பது குறித்து

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். ‘அனைவரும்’ என்ற சொல்லில் உங்கள் மனைவி, பெரியவள், சின்னவள், என் மனைவி, நான் ஆகியோர் அடங்குவோம். என் முதுகு மட்டும் அடங்காது. காரணம் பின்னால் வரும். கப்பலில் நீங்களும், உங்கள் பொறுப்பில் உள்ள இயந்திரங்களும், கடல் ஒத்துக்கொள்ளாத உங்கள் வயிறும் சீராக இருக்க வேண்டுகிறோம்.

அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள், தொலைபேசி வழியே வேறொரு செய்தி உங்களை எட்டியிருக்கலாம். அதாவது, உங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் வந்து படுத்துத் தூங்குகிறோம் என்பது. செய்தி உண்மை. உங்கள் கட்டிலில் என் மனைவியும் சின்னவளும், மெத்தையில் பெரியவளும் உங்கள் மனைவியும், சமையலறை வாசலுக்குக் குறுக்கே வெறுந்தரையில் நான். இதனால் அந்த வீட்டின் மீது எங்களுக்கு எவ்வித உரிமையும் உண்டாகவில்லை, உண்டாகப்போவதும் இல்லை. கட்டிலின் ஒரு கால் நாங்கள் வருவதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தது. பின்னதற்குப் பெரியவள் சாட்சி.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது என்பதை வரிசையாகச் சொல்வது என் கடமை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், வருமானம் குறைந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை, காலணி, பை, புத்தகம் வாங்க அரசாங்கம் ஒரு உதவித்தொகை தருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவள் இந்த வருடம் பெரிய பள்ளிக்குப் போகிறாள். அங்கே சீருடையின் நிறமே வேறு. பழையதைப் பிரித்துத் தைத்து ஒப்பேற்ற வழியில்லை. நீங்கள் அனுப்புவது கப்பல் கரை சேரும்போதுதான் சேருகிறது, உங்கள் மனைவியின் பேக்கரிச் சம்பளம் வீட்டு வாடகைக்குப் போய்விடுகிறது. ஆகவே அவள் இந்த உதவியைத்தான் நம்பியிருந்தாள். பேக்கரியில் அடுப்பு சூடேறும் இடைவெளியில், மாவுக் கையோடு விண்ணப்பத்தை நிரப்பி, என்னிடம் கொடுத்து, “கொண்டு போய்ப் போட்டுடு அண்ணா, போதும். படிக்காதே” என்றாள்.

மாப்பிள்ளை, ஒரு காகிதத்தைப் படிக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது என்னால் ஆகிற காரியமா? வாழ்நாளெல்லாம் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதியவன் நான். என் கல்யாணப் பத்திரிகையிலேயே ‘எதிர்பாராத சூழ்நிலைகளுக்கு உட்பட்டு’ என்று சேர்க்கச் சொன்னவன். (சேர்க்கவில்லை. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை.) படித்தேன். ‘பிள்ளைகள் உங்களுடன் வசிக்கிறார்களா?’ என்று ஒரு கேள்வி. அதற்கு அவள் ‘ஆம்’ என்று கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாள், யோசித்த அடையாளமே இல்லாமல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியும் முன் ரொட்டி வெந்தாக வேண்டும் என்பதால் அவள் இருட்டிலேயே கிளம்பிவிடுகிறாள். பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது என்று வேலை நாட்களில் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் படுக்கிறார்கள். பல் துலக்குவது எங்கள் குழாயடியில், வீட்டுப்பாடம் எங்கள் மேசையில், சண்டை எங்கள் கூடத்தில். இதை ஒற்றைச் சொல்லில் ‘ஆம்’ என்று எழுதினால், நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? எனவே அவள் நன்மை கருதி, ‘வசிப்பிடம் தொடர்பான விளக்கக் குறிப்பு’ என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. வேலைக் களைப்பில் இருப்பவளுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்று கருதினேன்.

பதில் வந்தது. ‘பிள்ளைகள் விண்ணப்பதாரருடன் வசிக்கவில்லை என்பது இணைப்பின் மூலம் தெரியவருவதால், விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாமன் விரும்பினால் விண்ணப்பிக்கலாம்.’ தாய்மாமனின் ஓய்வூதியம் வரம்பைத் தாண்டிவிடுகிறது என்பது அடுத்த வரி. ஆகப் பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் நின்றார்கள், காகிதப்படி.

அந்தக் காகிதத்தோடு உங்கள் மனைவி கடையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, உட்காரவில்லை. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள். காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தாள், கீழே இருந்த முத்திரை எண் உட்பட. என் மனைவி “நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா?” என்றாள். அவள் அப்போது எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் உண்மையைத்தானே எழுதினேன் என்றேன். அதற்கு உங்கள் மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பணம் வரலைன்னா போகுது, அண்ணா. எங்கயாவது கைமாத்து வாங்கிக்கறேன். என் பிள்ளைங்க என்கூட இல்லைன்னு ஒரு ஆபீஸ்ல எழுதி வச்சிருக்காங்களே, அதை யாரு அழிப்பா?”

மேல்முறையீடு செய்வோம் என்றேன். அதையும் நானே எழுதுவதாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குப் பயிற்சி போதாது.

மேல்முறையீட்டின் விளைவாக, நேரில் வந்து விசாரிப்பதாகத் தகவல் வந்தது. இங்கேதான், மாப்பிள்ளை, நான் செய்ததில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். விசாரணைக்கு முன் உங்கள் மனைவி பிள்ளைகளின் துணிமணி, பை, பல்துலக்கி எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு எடுத்துப் போகப் பார்த்தாள். நான் வாசலில் நின்று தடுத்தேன். விசாரணைக்காகப் பொருளை இடம் மாற்றினால் அது சாட்சியத்தை உருவாக்குவதாகும் என்று விளக்கினேன். “என் பிள்ளை பாவாடையை என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக உன் அனுமதி வேணுமா?” என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் நகரவில்லை. அதோடு விட்டேனா? பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து, விசாரணையில் எப்படி நடந்துகொள்வது என்று பாடம் எடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேள்வி விளங்காவிட்டால் விளக்கம் கேட்க வேண்டும், ஊகித்துச் சொல்லக் கூடாது. சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்போதே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் வந்தார். நல்ல மனிதர், காலையிலிருந்து பல வீடு ஏறி இறங்கிய முகம். சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதற்கு அடையாளமாகச் சுவரில் பெரியவள் எப்போதோ கிறுக்கிய ஒரு குதிரை மட்டும் இருந்தது. அதையும் அவர் மாடு என்று நினைத்தார். சின்னவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, உன் வீடு எது பாப்பா என்று அன்பாகக் கேட்டார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வீடுன்னு நீங்க எதைச் சொல்றீங்க?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சரி, நீ சொல்லும்மா என்று பெரியவளிடம் திரும்பினார். அவள் மாமாவிடம் கலந்து பேசிவிட்டுப் பதில் சொல்லலாமா என்று கேட்டாள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பிள்ளைகளின் தயக்கத்துக்கு உள்ள சட்டப் பின்னணியை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் அம்சம் முடிந்து இரண்டாவது அம்சத்துக்கு வருவதற்குள், அடுப்படியில் நின்றிருந்த உங்கள் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, பிள்ளைங்க வேணும்னா வேணும்னு சொல்லு. நாலு பக்கம் எழுதாதே.”

 என் மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்கள் மனைவியும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த விளக்கக் குறிப்பின் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. சின்னவள் தூக்கத்தில் என் நெஞ்சின் மேல் காலைப் போட்டுக்கொள்வாள் என்றும், எடுத்துவிட்டால் மறுபடி போடுவாள் என்றும் அதில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பெரியவள் வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் தப்பாகவே சொல்லுவாள் என்று இன்னொரு பத்தி. அரசாங்கம் இவற்றைக் கேட்கவில்லை. எந்தக் கேள்விக்கான பதிலாக அவற்றை எழுதினேன் என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். அதற்குமேல் இந்த விஷயத்தில் கருத்துக் கூற விரும்பவில்லை. நீங்கள் புத்திசாலி.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்பதைப் பற்றி அலுவலகத்துக்கு ஒன்றுமில்லை, யார் பொறுப்பில் வளர்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்றார். அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். ஆனால் என் நான்கு பக்கம் கோப்பில் இருக்கிறபடியால், அதை மாற்றி நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “ஒரே ஒரு வரி, சார். ரெண்டாவது வரி வேணாம்” என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஒரு வரி என்னிடம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! ‘நான் அறிந்த வரையில்’ என்று தொடங்கினேன், அடித்தேன். ‘பெரும்பாலும்’ என்று போட்டேன், அதையும் அடித்தேன். தாள் பாழாகி, வேறு தாள் கேட்டேன். அதிகாரி தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியவள் என் தோளருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. கடைசியில் எழுதினேன்: ‘இந்தப் பிள்ளைகள் தங்கள் தாயுடன் வசிக்கிறார்கள்.’ கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நிபந்தனை எதுவும் இல்லாமல் நான் கையெழுத்திட்ட முதல் வாக்கியம் அதுதான்.

உதவி வந்தது. பெரியவளுக்குப் புதுச் சீருடையும் காலணியும் வாங்கியாயிற்று. காலணியைப் பழக்குகிறேன் என்று வீட்டுக்குள்ளேயே அணிவகுப்பு நடத்துகிறாள். பள்ளியும் திறந்துவிட்டது. ஆனால் என் நிலையை யோசியுங்கள், மாப்பிள்ளை. தாயுடன் வசிக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டவன், அன்றிரவே அவர்களை என் வீட்டில் படுக்கவைக்க முடியுமா? அதிகாரி சொன்னது வாய்மொழிதானே? பிள்ளைகள் தாய் வீட்டில் படுக்க வேண்டும், விடியும் முன் தாய் கிளம்பிவிடுவாள், துணைக்குப் பெரியவர்கள் வேண்டும். ஆகவே நாங்களே மூட்டை முடிச்சோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். “கையெழுத்து உங்களுது, அதுக்கு நான் ஏன் வீடு மாறணும்?” என்று என் மனைவி கேட்டாள். கேட்டுக்கொண்டே தலையணையைத்தான் முதலில் கட்டினாள்.

உங்கள் மனைவி விடியுமுன் விளக்குப் போடாமல் கிளம்புகிறாள், பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று. வழியில் நான் கிடப்பதால் அவ்வப்போது என்னை மிதிக்கிறாள். முதல் தடவை இருட்டில் தெரியவில்லை. பிறகு நடந்தவற்றையும் இருட்டின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் சற்று நின்று, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். எங்கள் வீட்டில் அவர்கள் படுத்திருந்த காலமெல்லாம் அவளுக்கு இது கிடைக்கவில்லை என்பது, கீழே படுத்துக்கொண்டு பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனவே, நீங்கள் ஊர் திரும்பும்வரை அல்லது உங்கள் மனைவிக்குப் பகல்நேர வேலை அமையும்வரை, இவற்றில் எது முன்போ அதுவரை, நாங்கள் உங்கள் வீட்டில் தங்கச் சம்மதம் தர வேண்டுகிறேன். ஆட்சேபம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். மனத்தாங்கல் கொள்ள மாட்டேன், கொண்டாலும் வெளிக்காட்ட மாட்டேன்.

அலையடங்கிய கடலும், நேரத்துக்குச் சாப்பாடும், நல்ல சகாக்களும் உங்களுக்கு வாய்க்கட்டும். எங்கள் இருவரின் ஆசியும், பிள்ளைகளின் முத்தமும் (பெரியவள் தனக்கு வயதாகிவிட்டதாகச் சொல்லி ஒன்றுதான் தந்தாள்) இத்துடன் வருகின்றன.

என்றும் தங்கள் நலம் நாடும்,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மனைவி வேலை முடிந்து வந்தாள். உதவி அடுத்த பருவத்துக்கும் தொடர ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் ‘வருமானம் உள்ள வேறு பெரியவர்கள் இதே வீட்டில் வசிக்கிறார்களா?’ என்று புதிதாக ஒரு கேள்வி. வசிக்கிறோம், மாப்பிள்ளை. ஓய்வூதியத்தோடு வசிக்கிறோம். அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “கிளம்பு அண்ணா” என்றாள். அதிகாரி சொன்ன வாய்மொழியையே போதும் என்று கொள்வதென முடிவு செய்துள்ளேன். ஆகையால் மேலே கேட்ட சம்மதத்தைக் கேட்காததாகக் கருதவும். இன்று மாலையே எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம். நாங்கள் துணியை மடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் தங்கள் துணியை மடித்துத் தயாராகிவிட்டார்கள், இன்று ராத்திரி எங்கே படுக்கை என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியவள் மட்டும் கையில் பையோடு வாசலில் நின்று, “நாங்க எங்க இருக்கோம்னு ஸ்கூல்ல கேட்டா என்ன மாமா சொல்றது?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மனைவி, “அம்மாகூடன்னு சொல்லு” என்றாள். பெரியவள் என்னைப் பார்த்தாள்.

நான் எதுவும் சேர்க்கவில்லை.