அக்கா பொட்டு வைத்த ஹீட் சிங்க்

ஒரு பொருள் ஏன் கெட்டது என்று யோசிப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுகிற கை எனக்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கே தீர்ந்துவிட்டது. (மிச்சமிருந்த கொஞ்சத்தை மறுநாள் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கொடைக்கானல் மலையில் இருக்கிற பேத்துப்பாறையில், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று ஊராருக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் என்றால் சுற்றுவட்டாரத்தில் நான்தான் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியவனும் நான்தான்.

அந்த மழைக்காலத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி வந்தது. போட்டு இருபது நிமிடம் ஆனால் தானாக அணைந்துவிடும். சூடு பார்க்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து டிகிரி. வெளியே ஊருக்கே பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இது மட்டும் சித்திரை வெயிலில் கிடந்தது.

எங்கள் மலையில் குளிருக்குப் பயந்து எதையாவது போர்த்திவைப்பது வழக்கம். அம்மா இந்த விஷயத்தில் ஆள், பொருள் என்று பாரபட்சம் பார்ப்பதில்லை. மிக்சிக்கு அப்பாவின் பழைய மப்ளர், உறை ஊற்றிய பாலுக்குத் துண்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு என்னுடைய பள்ளிக்கூட ஸ்வெட்டர். இது சும்மா வீட்டு நிலவரம், சொல்லிவைக்கிறேன்.

நான் இணையத்தில் நான்கு வீடியோ பார்த்தேன். நோய் இன்னதென்று பிடிபட்டுவிட்டது. கம்ப்யூட்டரின் மூளையான புராசஸர் தலையில் ஹீட் சிங்க் என்று ஓர் உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும். தகடு தகடாக இருக்கும், மேலே ஒரு சின்ன ஃபேன் சுற்றும். மூளையின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவது அதன் சோலி. அதன் அடிப்பாகம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமுமாக இருக்குமாம். அதை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் சூடு மளமளவென்று இறங்குமாம். வீடியோவில் சொன்னவருக்குத் தாடி இருந்தது. நம்பிவிட்டேன்.

இதே நேரத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. செல்வி என்னைவிட மூன்று வயது மூத்தவள். இதற்கு முன் வந்த இரண்டு வரனும், மலையேறி வந்து சம்பந்தம் பண்ண முடியாது என்று அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. இவர் பாலசமுத்திரத்துக்காரர், பேர் தண்டபாணி. பழனிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வியாழக்கிழமை பெய்த மழையில் பழனி ரோட்டில் பாறை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது.

"நாள் தவறக்கூடாது. தம்பியோட கம்ப்யூட்டர்லயே பாத்துருவோம்" என்று வெள்ளிக்கிழமை போனில் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை செல்போன் டவரும் படுத்துவிட்டது. வெளியுலகத்துக்கும் எங்களுக்கும் மிஞ்சியது என் கம்ப்யூட்டருக்கு வருகிற இணையக் கேபிள் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அப்பா வாக்குக் கொடுத்த கையோடு அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"ஏலே, அந்த ஆளோட போட்டோவப் பாத்தேன். எனக்குப் பிடிச்சிருக்கு. உன் டப்பா பாதியில நின்னு இதுவும் கெட்டுச்சுன்னா, சவ்சவ் பந்தலுக்கு அடியில உன்னையப் பொதச்சிருவேன்."

"ஹீட் சிங்க்கைத் தேய்க்கப் போறேன்க்கா. அப்புறம் அது சாகுற வரைக்கும் அணையாது" என்றேன்.

தேய்ப்பதற்குத் துளிகூட வளையாத ஒரு பரப்பு வேண்டும். எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை உட்பட எல்லாமே ஒரு பக்கம் சரிந்தவை. தட்டையானது ஒன்றே ஒன்றுதான். அக்கா தலைசீவுகிற நிலைக்கண்ணாடி. ஆணியிலிருந்து கழற்றிக் கீழே படுக்கவைத்தேன். அதன்மேல் நானூறாம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, ஹீட் சிங்க்கைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இருபது இழுப்பு இழுத்துக் கால்வட்டம் திருப்ப வேண்டும். பிறகு இன்னும் இருபது. அடிப்பாகத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு அது அழிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்கோடு அழியாமல் ஓரக்கோடு மட்டும் அழிந்தபோது, "பள்ளம்! பள்ளம்!" என்று கத்தினேன். தோட்டத்திலிருந்து அப்பா மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

நானூறு முடிந்து எட்டுநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு, கடைசியாக இரண்டாயிரம். ஒன்றரை நாள் வீட்டில் சரட் சரட் என்று இதே சத்தம். தாளின் ஓரத்தில் வழிந்த கருஞ்சேறு கண்ணாடிமேல் பரவுவதையும், என் முழங்கை அதையும் சேர்த்துத் தேய்ப்பதையும் நான் கவனிக்கவில்லை.

புராசஸர்மேல் காய்ந்துபோயிருந்த பழைய பசையைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றார் தாடிக்காரர். ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் உப்பு இல்லாத வீடு இருக்கலாம், யூகலிப்டஸ் தைலம் இல்லாத வீடு இருக்காது. ஒரு சொட்டு விட்டதும் பசை வழுக்கிக்கொண்டு வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் தகடுகளுக்கு நடுவிலும், ஃபேனிலும், பெட்டிக்குள் கண்ட இடத்திலெல்லாம் முக்கால் பாட்டில் தைலத்தை விட்டுத் துடைத்தேன்.

ஞாயிறு வெள்ளனே அக்கா குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. பிறகு தரையைப் பார்த்தாள். கண்ணாடி இருந்தது, அதற்குள் அக்கா இல்லை. டிசம்பர் மாதத்து மூடுபனி அதில் நிரந்தரமாக இறங்கியிருந்தது.

"எதப் பாத்துடா நான் பொட்டு வப்பேன்?"

"போன் கேமரால பாருக்கா."

"அதுல மூஞ்சி சொரக்கா மாதிரி நீளுது!"

அடி விழப்போகிற நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. ஹீட் சிங்க்கைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு விரல் அகலம்தான். ஆனால் அதில் அக்காவின் நெற்றி, ரோமம் ரோமமாகத் தெரிந்தது. அக்கா திட்டிக்கொண்டே பொட்டு வைத்தாள். (பொட்டு நட்டநடுவில் அமைந்திருந்தது. வேலையின் தரம் அப்படி.)

ஸ்வெட்டரைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பச்சைப்பயறு அளவுக்குப் புதுப் பசை வைத்து, ஹீட் சிங்க்கை அதன் நான்கு காலிலும் அழுத்தி மாட்டினேன். கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு டிகிரி! அம்மா அறையைக் கழுவிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்த நேரம் அது. லேசாகத் தைல வாசனை வந்தது. கொடைக்கானலில் தைல வாசனையை யார் கவனிப்பார்கள்? நான் சட்டை மாற்றப் போனேன்.

பத்து மணிக்கு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உறவுக்காரர்களோடு சேர்த்துப் பதினொரு பேர் முன்னறையில் அடைந்தோம். திரையில் பாலசமுத்திரம் தெளிவாகத் தெரிந்தது. தண்டபாணியும் அவருடைய அம்மாவும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே கேசரி, பஜ்ஜி. அங்கேயும் அவர்களே செய்துகொண்ட கேசரி, பஜ்ஜி. அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். அதை எங்கே வைப்பது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. "கேமராவுக்குக் காட்டும்மா" என்றார். அக்கா காட்டினாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் மரியாதைக்கு ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பத்து நிமிடம் கழித்து என் கண் கரித்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கன்னத்தில் தாரைதாரையாகத் தண்ணீர் ஓடியது. சூடேறிய தைலம் ஆவியாகி வருகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் மெல்லச் சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

தண்டபாணியின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "ஏங்க, பொண்ணு இப்படி அழுகுதே. இஷ்டமில்லாம உக்கார வச்சிருக்கீங்களா? அப்படின்னா வேணாங்க. எங்களுக்கு அந்தப் பாவம் வேணாம்."

அப்பா வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. மூன்றாவது வரனும் கண்முன்னே கழன்றுகொண்டிருந்தது. அப்போது அக்கா முகத்தைத் துடைத்துவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நான் அழுவலைங்க அத்தே. இந்தா நிக்கிறானே, என் தம்பி, கம்ப்யூட்டருக்குள்ள தைலத்த ஊத்தி வச்சிருக்கான். கண்ணாடியையும் தேச்சு நாசமாக்கிட்டான். பொட்டுகூட ஹீட் சிங்க்கப் பாத்துத்தான் வச்சேன்."

அதுவரை தலைகுனிந்திருந்த தண்டபாணி நிமிர்ந்தார். "ஹீட் சிங்க்கா? எத்தனாம் நம்பர் தாள்ல முடிச்சாரு?"

"ரெண்டாயிரங்க. நானூறுல ஆரம்பிச்சான்."

"நடுவுல எதையும் விடலையே?"

"எட்டுநூறு, ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு, ஒண்ணும் விடல. எல்லா நம்பரும் என் காதுலயே தேஞ்சிருக்கு."

தண்டபாணி வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் அழுதுகொண்டே சிரித்தாள். அவருடைய அம்மா மகனைத் திரும்பிப் பார்த்து, "நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டார்.

தண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும்..." என்றார்.

கம்ப்யூட்டர் அணைந்தது.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் ஆறவைத்து மறுபடி போட்டிருப்பார்கள். என் கை அதற்குள் மேசைக்கடியில் நுழைந்து, தட்டுப்பட்ட துணியை என்னவென்றுகூடப் பார்க்காமல் ஒதுக்கி, பெட்டியைத் திறந்து ஹீட் சிங்க்கைப் பிடுங்கிவிட்டது. நான்கு காலில் ஒரு கால் படக்கென்று ஒடிந்தது. அத்தோடு முடிந்தது. டவரும் இல்லை, ரோடும் இல்லை.

அன்று முழுவதும் வீட்டில் அந்த ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேச்சு. நகையாக இருக்கும் என்றார் அப்பா. ஜாதகமாக இருக்கும் என்றாள் அம்மா. அக்கா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அழுதது தைலத்தால் இல்லை. அவள் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ நல்லதுக்குத்தாண்டா செஞ்ச" என்றாள் பாருங்கள், அன்றைக்கு என்னைப் போல் கேவலமாக உணர்ந்தவன் இந்த மலையிலேயே இருந்திருக்கமாட்டான்.

மறுநாள் காலை பாறையை ஓரங்கட்டி இருசக்கர வண்டிகளை மட்டும் விட்டார்கள். முதலில் ஏறி வந்த வண்டிகளில் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. மழைக்கோட்டோடு தண்டபாணி இறங்கினார். அம்மா பதறிப்போய் உள்ளே ஓடி, எதற்கென்றே தெரியாமல் பாயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா வெளிறிய முகத்தோடு கேட்டார். "ஏதோ ஒரு விஷயம்னீங்களே தம்பி. எதுன்னாலும் சொல்லுங்க."

"அதக் கேக்கத்தாங்க வெரசா வந்தேன். ராத்திரி பூரா யோசிச்சும் பிடிபடல." தண்டபாணி என்னைப் பார்த்தார். "இம்புட்டுக் குளிர்ல உங்க கம்ப்யூட்டர் எப்படிங்க சூடாகுது?"

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதாங்க. பொண்ணப் பிடிச்சிருக்குன்னு அம்மா நேத்தே ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

எனக்குத் தெம்பு வந்துவிட்டது, ஹீட் சிங்க்கை எடுத்துக்கொண்டு வந்தேன். மேடு பள்ளம், மார்க்கர் கோடு, ஐம்பத்திரண்டு டிகிரி என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தண்டபாணி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "பிரமாதமான வேலைங்க" என்றார். பிறகு மேசைக்கடியில் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். அவர் தோள் குலுங்கியது.

"இது மேல யாருங்க கம்பளி போத்துனது?"

"நான்தான் தம்பி" என்றாள் அம்மா. "எப்பவும் ஸ்வெட்டர்தான் மாட்டிவிடுவேன். நேத்து நல்ல காரியமாச்சேன்னு, இவன் சட்டை மாத்தப் போனப்போ புதுக் கம்பளியா நல்லா இறுக்கிச் சுத்திவிட்டேன்."

உள்ளறையிலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. தண்டபாணி முதுகுப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "அவங்கள இதப் பாத்துப் பொட்டு வைக்கச் சொல்லுங்க."

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. ஒற்றைக் கால் போன அந்த ஹீட் சிங்க் இப்போது பாலசமுத்திரத்தில் அக்காவின் அலமாரியில் இருக்கிறது. பொட்டு அதைப் பார்த்துத்தான் வைக்கிறாள். நான் இன்று கொடைக்கானல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், ஓரளவுக்கு நல்ல பேரும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் மோட்டார் ஓடவில்லை, வண்டி கிளம்பவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல், எதுவென்றாலும் சரி, என் கை அதை நோக்கி நீளும்போது அத்தான் போன் போட்டாவது சொல்லிவிடுகிறார்:

"மொதல்ல ஸ்வெட்டரக் கழட்டிப் பாருங்க மாப்ள."