விரதக்காரர் வீட்டில் ஒரு பி.சி.ஏ.

இனி சனிக்கிழமைகளில் செல்போனைக் கையால் தொடுவதில்லை என்று சிங்காரம் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். மேலே மூடி. மூடிக்கு மேலே நிரம்பிய தண்ணீர் கேன். ஒரு போனுக்கா இவ்வளவு பயம் என்று கேட்கலாம். போனுக்கு இல்லை, பெண்டாட்டிக்கு. அதுவும் பி.சி.ஏ. படிக்கிற பெண்டாட்டிக்கு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருப்பவர் சிங்காரம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை விரதம். விடிந்ததும் குளித்து, நாமம் இட்டு, திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவார். பிறகு ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு இருக்கிற மனுஷனிடம் வேலை சொல்லலாமா? கூடாது. அதனால் சனிக்கிழமை துணி, பாத்திரம், ஒட்டடை எல்லாம் அவர் மனைவி வினோதினி. மற்ற கிழமைகளில்? அப்போதும் வினோதினிதான். சனிக்கிழமை மட்டும் அதற்குப் பெருமாளே சாட்சி. புருஷன் விரதமிருந்தால் புண்ணியம் குடும்பத்துக்கே சேருமாம். பாத்திரம் மட்டும் ஏன் ஒருத்திக்கே சேருகிறது? கேட்டால் வாயாடி என்பார்கள்.

சரி, விரதத்துக்கு வருவோம். பால் பழம் ஆனதும் சிங்காரம் 'கலெக்‌ஷனுக்கு' கிளம்புவார். கலெக்‌ஷன் நடக்கும் இடம் முதுநகரில், மெயின்ரோட்டோரம், மங்கலம் அக்காவின் மீன் கடை. வஞ்சிரம் வறுவல், சங்கரா குழம்பு, கேட்கக் கேட்கச் சோறு. ஈரக் கைக்குட்டையால் நாமத்தைத் துடைத்துவிட்டுத்தான் மீனில் கை வைப்பார். அந்த அளவுக்குப் பக்தி. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துதான் உட்காருவார். அந்த அளவுக்கு ஜாக்கிரதை. போட்டிருப்பது ஏஜென்சி டீ-ஷர்ட். எங்கே போனாலும் விளம்பரம் தானாக நடக்க வேண்டுமென்று அவரே அச்சடித்தது. சாப்பிட்டு முடித்ததும் பைக் கண்ணாடியைப் பார்த்து நாமத்தை மறுபடி இட்டுக்கொள்வார்.

இது வெளியே வந்தால் சனிக்கிழமை போய்விடும். கூடவே மானமும் போய்விடும். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் மாமனார், எங்க மாப்ளை மாதிரி ஒரு பக்திமான் உண்டா என்று கோயில் வாசலில் வைத்தே பேசுகிறவர்.

இந்த நிலையில்தான் வினோதினி சிதம்பரத்தில் பி.சி.ஏ. சேர்ந்தாள். பிளஸ் டூவோடு கல்யாணமானவள். சனி, ஞாயிறு மதியம் வகுப்பு. சிங்காரம் டைப்ரைட்டிங் மாதிரி ஏதோ என்று நினைத்து, பெருந்தன்மையாகப் படிக்க விட்டார். அப்படித்தான் தெருவில் சொன்னார்கள்: விட்டார். அதுவரை யார் விடாமல் வைத்திருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அவளைப் பைக்கில் கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் இறக்குவார். பஸ் ஆள் நிரம்பிக் கிளம்புவதற்குள் இவர் முதுநகரில் இலை முன்னால் இருப்பார். படிப்பு இவ்வளவு நல்லது என்று அவருக்கு அதற்குமுன் தெரியாது.

தெரியாததெல்லாம் ஒருநாள் தெரிந்தது. மேஜைமேல் பாடத்திட்டம் கிடந்தது. பாடங்களின் பெயர்களைப் படித்தவர், அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார். அங்கே செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் அருண்பாண்டியன். அவனுக்கு விஷயம் தெரியும். பல சனிக்கிழமைகளில் எதிர் இலை அவனுடையது.

"ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்னாடா?"

"மொத்த மிஷினும் அவுங்க கைக்குப் போயிரும் மச்சான்."

"டேட்டாபேஸு?"

"நீ பண்றதெல்லாம் பதிஞ்சிக்கும். அழிக்க முடியாது."

"டேட்டா மைனிங்கு?"

"பொதச்சு வச்சதத் தோண்டி எடுக்கறது."

சிங்காரம் போனிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். "கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்னு ஒண்ணு இருக்கேடா."

அருண்பாண்டியன் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டான். "அதக் கத்துக்கிட்டா போச்சு. போன் இருக்கற எடத்துல நீ இருக்கறது அவுங்களுக்கு அங்கேர்ந்தே தெரியும். மீன் முள்ளு வரைக்கும் தெரியும். மச்சான், ஒண்ணு சொல்றேன், என் பேர மட்டும் இழுக்காத."

அன்றிலிருந்து வீடே சிங்காரத்தைப் பார்த்தது. ஃபிரிட்ஜில் எரியும் பச்சை விளக்கு அவரைப் பார்த்தது. வைஃபை பெட்டி கண் சிமிட்டியது; அதன்மேல் துண்டைப் போட்டார். வினோதினி லேப்டாப்பைத் திறந்தால் இவர் பாத்ரூமுக்குள் போனார். ஒருநாள் அவள் திரையைப் பார்த்தபடியே, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

"இந்த லூப்பு நிக்கவே மாட்டேங்குது மாமா. நிறுத்தற எடம் வைக்கலன்னா அதே தப்பு திரும்பத் திரும்ப நடக்குது."

வாராவாரம் என்று அவள் சொல்லவில்லை. சிங்காரத்தின் காதில் அப்படித்தான் விழுந்தது. அந்த வார இறுதியில்தான் போன் டிரம்முக்குள் போனது. போன் இல்லாமல் முதுநகர் போய், பயந்து பயந்து சாப்பிட்டு, நாமத்தோடு திரும்பி வந்து கட்டிலில் படுத்தார். பசியில் சோர்ந்த முகம் அவருக்கு நன்றாக வரும்.

சாயங்காலம் வினோதினி வந்தாள். உலை வைக்க அரிசி எடுக்கப் போனாள். தண்ணீர் கேன் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சிங்காரம் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

அவள் கையில் நோட்டும் போனும் இருந்தன. போனில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அவர் தலைமாட்டில் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பார்.

"வீட்ல நடக்கற ஒரு விஷயத்த ஃப்ளோசார்ட்டா போட்டுட்டு வரச் சொன்னாங்க மாமா. நான் சனிக்கிழமையப் போட்டுருக்கேன். சரியான்னு பாருங்க."

பார்த்தார். மேலே ஒரு சாய்சதுரம். அதற்குள், 'மாமா இன்று சாப்பிட்டாரா?' இல்லை என்று ஒரு அம்பு. அது போன கட்டத்தில் 'மாமா ஓய்வு, வேலையெல்லாம் வினோதினி.' ஆம் என்று இன்னொரு அம்பு. அது போன கட்டம் காலியாக இருந்தது.

"இது ஏன் காலியா இருக்கு?" சிங்காரம் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"என்ன எழுதறதுன்னு தெரியல. நடக்கவே நடக்காதுன்னு நெனைக்கறதுக்கும் ஒரு வழி எழுதி வைக்கணும்னு மேடம் சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க."

காலிக் கட்டம் அவரையே பார்த்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. சிங்காரம் எழுந்து உட்கார்ந்தார். வஞ்சிரத்தைச் சொன்னார். சங்கராவைச் சொன்னார். அவள் கேட்காமலே கைக்குட்டையை, பைக் கண்ணாடியை, எதிர் இலை அருண்பாண்டியனைச் சொன்னார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாத்தையும் நீ நெட்வொர்க்ல பாத்துட்டேன்னு தெரியும் வினோ. ஒங்க அப்பாவுக்கு மட்டும் சொல்லிடாத."

வினோதினி பேனா மூடியைக் கழற்றினாள். "நெட்வொர்க் அஞ்சாவது செமஸ்டர்லதான் மாமா வருது. இப்ப தமிழ், இங்கிலீஷ், மேத்ஸ், அப்பறம் சி லாங்குவேஜ். அவ்ளோதான்."

வலிய வந்து வாக்குமூலம் கொடுத்த ஒரே குற்றவாளி கடலூர் மாவட்டத்திலேயே தான் மட்டும்தான் என்று சிங்காரத்துக்குத் தோன்றியது. அவள் காலிக் கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: துணி, பாத்திரம், ஒட்டடை, ராத்திரிச் சமையல் எல்லாம் மாமா. வினோதினி படிப்பாள். அம்பைச் சரியாக முடித்துவிட்டு, எழுந்து போய் உலைக்கு எடுத்த அரிசியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப ஒனக்கு எதுவுமே தெரியாதா?" என்றார் அழாத குறையாக.

"சிதம்பரம் பஸ்ஸு முதுநகர் வழியாத்தான் மாமா போவுது. நீங்க சொவத்தப் பாத்துதான் ஒக்காந்திருந்தீங்க, ஆனா முதுகுல நம்ம ஏஜென்சி பேரும் போன் நம்பரும் பெருசா போட்டிருக்கே."