பாதிக் கேள்விக்கு முழுப் பதில்

எந்தக் கேள்வியையும் முழுதாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று உலகத்துக்கு நிரூபிக்கவே பிறந்தவள் எங்கள் பஸ்ஸர். அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் கேள்விக்குறி வரை போய்ச் சேர்ந்ததில்லை என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது மெட்ரோ வைட்ஃபீல்ட் வரை வந்திருக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஒரு டெம்போ டிராவலரை அனுப்பும். நான் காக்ஸ் டவுனில் ஏறுவேன், அடுத்து ஜீவனஹள்ளியில் அவள் ஏறுவாள். டின் ஃபேக்டரி சிக்னலில் வண்டி நிற்கும் நேரத்தில் வேறு ஊர்க்காரர்கள் ஒரு சினிமாவே பார்த்து முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தைக் கொல்லத்தான் வண்டியில் க்விஸ் தொடங்கினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொது அறிவுப் பைத்தியம். இசை, சரித்திரம், கல்வி இந்த மூன்றிலும் எதையாவது தோண்டி எடுத்துக் கேட்பேன். ஜன்னல் ஓர வரிசை ஒரு கட்சி, கதவுப் பக்கத்து வரிசை ஒரு கட்சி. தோற்ற கட்சி காபி வாங்கித் தர வேண்டும்.

பதில் தெரிந்தவர் கை தூக்க வேண்டும் என்பது சட்டம். அவள் கை தூக்க மாட்டாள். மடியில் இருக்கும் டிபன் டப்பா மூடியில் மோதிரத்தால் 'டங்' என்று ஒரு தட்டு தட்டுவாள். பஸ்ஸர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். நாளடைவில் எங்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போயிற்று.

"கர்நாடக சங்கீதத்தில எழுபத்தி..." என்று ஆரம்பிப்பேன்.

டங். "மேளகர்த்தா ராகம்!"

சரியான பதில். வண்டி கைதட்டும். உடனே குஷி தலைக்கேறிவிடும் அவளுக்கு.

"ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தி ஏழுல..."

டங். "சிப்பாய்க் கலகம்!"

"இல்லீங்க. அந்த வருஷம் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு ஊர்லயும் தொடங்கினது என்னன்னு கேக்க வந்தேன்."

"கலகம்தான்!"

"பல்கலைக்கழகம்."

தப்பாகச் சொன்னால் மார்க் குறையும். அப்படிக் குறையும்போதெல்லாம் அவள் திரும்பி, பக்கத்து சீட்டில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் மூர்த்தி சாரை ஒரு பார்வை பார்ப்பாள், என்னவோ அவர்தான் உளறியதுபோல. அவளுடைய கட்சியில் மாட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த மனிதர் ஊருக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார்.

"முந்திரிக்கொட்டை, முந்திரிக்கொட்டை! கேள்வி முடியட்டும்மா தாயே!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

டிரைவர் மஞ்சண்ணாவும் கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுப்பார். "சொல்ப தாளம்மா! அவரு கேட்டு முடிக்கட்டும்."

சொல்ப தாளுவதாவது, கொஞ்சம் பொறுப்பதாவது! பியானோ விஷயம் இன்னும் மோசம். "பியானோவில வெள்ளைக் கட்டை..." என்றதுமே டங். "ஐம்பத்திரண்டு!" நான் கேட்க வந்ததோ, வெள்ளைக் கட்டை ஐம்பத்திரண்டு என்றால் கறுப்புக் கட்டை எத்தனை என்பது. முப்பத்தாறு என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே தோற்கிற கலை அவளிடம் மட்டும்தான் இருந்தது.

க்விஸில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அவள் இருந்தது ஹெல்ப் டெஸ்கில். யாராவது போன் செய்து "மேடம், என் லேப்டாப்..." என்றால் போதும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பாள். பத்தில் ஒன்பது பேருக்கு அது சரியாகிவிடும் என்பதுதான் வேடிக்கை. பத்தாவது ஆள் ஒருநாள் அழாத குறையாகச் சொன்னார்: "மேடம், லேப்டாப் திருடு போயிடுச்சு மேடம்!"

கோயில் பாடல் குழுவிலும் பாடிக்கொண்டிருந்தாள். அங்கே அல்லேலூயா அவளுக்கு ஒரு நொடி முன்னதாகவும் மற்றவர்களுக்கு ஒரு நொடி பின்னதாகவும் தொடங்கும் என்று கேள்வி.

"உங்களுக்கு ஏங்க இந்த அவசரம்?" என்று ஒருநாள் கேட்டேன். அதாவது, "உங்களுக்கு ஏங்க" வரைக்கும் கேட்டேன்.

"எங்க வீட்ல பிள்ளைங்க நிறைய, மாஸ்டர். அம்மா மீன் வறுத்துட்டு 'யாருக்கு'ன்னு ஆரம்பிப்பாங்க. 'வேணும்'னு முடிக்கற வரைக்கும் காத்துட்டிருந்தா முள்ளுதான் கெடைக்கும்."

க்விஸ் நடத்துவதால் என்னை அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கேள்வி தயாரித்தேன். பொதுவாக ஒரு கேள்வியின் சூட்சுமம் கடைசிச் சொல்லில் இருக்க வேண்டும். நான் அவளுக்காக அதை முதல் சொல்லிலேயே வைக்க ஆரம்பித்தேன். அவள் லீவு போட்ட நாட்களில் நல்ல கேள்விகளைக் கேட்காமல் பத்திரப்படுத்தினேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குப் புரிவதற்கு முன்பே மஞ்சண்ணாவுக்குப் புரிந்துவிட்டது. ஜீவனஹள்ளி நெருங்கும்போது நான் தலை வாருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கனைப்பார்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அவள் கிறிஸ்தவள், எங்கள் வீட்டு பாஷையில் வேதக்காரப் பெண். நானோ தாத்தா காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட, பஞ்சாங்கம் பார்க்காமல் குடைகூட வாங்காத குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பூகம்பமே வரும். வரட்டும், முதலில் அவளிடம் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எப்படிக் கேட்பது என்பதுதான் பிரச்சினை. "நான் ரொம்ப நாளா..." என்று இழுத்தால் "தூங்கலையா? டாக்டரப் பாருங்க" என்று முந்திக்கொள்வாள். "உங்க வீட்ல..." என்றால் மீன் வந்துவிடும். கேள்வி தயாரித்த அனுபவமெல்லாம் சேர்த்து யோசித்து, தலையாய சொல்லை முதலில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒரு சாயங்காலம், நல்ல மழை. வண்டி அதே டின் ஃபேக்டரியில் அசையாமல் நின்றது. மூர்த்தி சார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காதில் ஹெட்போன். எனக்கு முன் சீட்டில் அவள். முன்னால் குனிந்தேன்.

"கல்யாணம்..."

டங்.

"ஆமா மாஸ்டர்! யாரு சொன்னா உங்களுக்கு?" முழுதாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "நானே சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள மோப்பம் பிடிச்சிட்டீங்க. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல எங்க கல்யாண அறிவிப்பு, ஓலை வாசிக்கறாங்க. பீன்யாவில ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்காரு. நல்ல மாதிரி. கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும், வேன் மொத்தமும் வரணும்."

மிச்சக் கேள்வி என் வாயிலேயே நின்றது.

"என்ன மாஸ்டர், பதில் கரெக்டா?"

"கரெக்ட்."

"ஃபுல் மார்க்கா?"

"ஃபுல் மார்க்."

மஞ்சண்ணா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "சொல்ப தாளம்மா. அவரு இன்னும் கேட்டே முடிக்கலியே" என்றார்.

"முடிஞ்சிடுச்சு மஞ்சண்ணா. பச்சை விழுந்தாச்சு, வண்டிய எடுங்க" என்றேன்.

நான் என்ன கேட்க வந்தேன் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாதா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன். அரை வாக்கியத்தில் எழுபத்திரண்டு ராகத்தைப் பிடிக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? நான் கேட்டு, அவள் இல்லை என்று சொல்லி, அடுத்த நாள் அதே வண்டியில் எதிரெதிரே உட்கார வேண்டாமே என்று முந்திக்கொண்டாளோ? அப்படி நினைக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும். உடனே சிப்பாய்க் கலகம் ஞாபகம் வந்து தொலைக்கும்.

கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயரைப் பார்த்து, "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் மூர்த்தி சார்.

வேன் மொத்தமும் போனோம். கோயிலில் கடைசிப் பெஞ்சில் எங்கள் கூட்டம். ஃபாதர் கேள்வியை முடிப்பதற்குள் அவள் சம்மதத்தைச் சொல்லிவிடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனையாவது சொல்லில் என்பதில்தான் பந்தயம். மூர்த்தி சார் இரண்டாவது சொல் என்றார். ஃபாதருக்கும் அவளைத் தெரியும் போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை எச்சரிக்கையாகப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதோடு, இன்பத்திலும் துன்பத்திலும் என்று அது நீளமான கேள்வி. பியானோவைவிட நீளம். அவள் குனிந்த தலையோடு நின்றாள். ஃபாதர் நடுவில் மூச்சு வாங்கினார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. கேள்வி முடிந்தது. முடிந்த பிறகும் ஒரு கணம் நின்று, பக்கத்தில் இருந்த அந்த பீன்யாக்காரரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாகப் பதில் சொன்னாள்.

"அடப்பாவி" என்றார் மூர்த்தி சார். மஞ்சண்ணா என் தோளில் கை வைத்தார்.

அவளுக்குப் பொறுக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்காகவும் ஒருமுறை பொறுத்திருக்கலாம். பதில் என்னவென்று தெரிந்ததுதான். கேட்டு முடித்திருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

அவள் வேலையை விட்டுவிட்டு பீன்யா பக்கம் போய்விட்டாள். மெட்ரோ வந்ததும் வேனும் நின்றுவிட்டது. இப்போது நான் மெட்ரோவில்தான் போகிறேன். யாரிடமாவது ஏதாவது கேட்க ஆரம்பித்தால், இரண்டு சொல்லுக்குப் பிறகு என்னையறியாமல் கொஞ்சம் நிறுத்துகிறேன். எதிரில் இருப்பவர்கள் நான் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஒருத்தராவது குறுக்கே விழுந்து ஏதாவது தப்பாகச் சொல்ல மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.