தபாலு ரோட்டால் வந்த நாள்

மலைநாட்டில் பிறந்து, அறுபத்தெட்டு வயதுவரை ரோட்டில் நடக்காமலே வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் தபாலுதான். தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். முப்பது வருஷம் கந்தப்பளை தபால் கந்தோரிலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கடிதப் பை சுமந்ததில் அது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

எங்கள் ரோடு மலையை ஏழு வளைவு சுற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கும். தேயிலைக்கு நடுவே விழுகிற குறுக்குப் பாதையில் இறங்கினால் அதே டவுன் காலடியில் கிடக்கும். நாங்கள் எல்லோரும் குறுக்கால் போகிறவர்கள்தான். ஆனால் தன் கல்யாண ஊர்வலத்திலேயே, மேளக்காரர்களை ரோட்டால் போகவிட்டு, மாப்பிள்ளை மட்டும் குறுக்கால் இறங்கிக் கோயில் வாசலில் வேட்டியை உதறிக்கொண்டு நின்றது அவர் ஒருத்தர்தான்.

"ரோடு லொறிக்குப் போட்டதுங்க கங்காணி. மனுசனுக்கு எதுக்கு?" என்பார். கங்காணி என்பது நான். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேலைதான் போனது, பேர் போகவில்லை.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. கடிதத்தை உரியவர் கையில்தான் கொடுப்பார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் செத்து மூன்றாம் நாள், அவர் பேருக்குத் திருச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகன் கையை நீட்டினான்.

"இதுல ஒன் பேரா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு நேரே புதைகுழிக்குப் போனார். மண்மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். முடித்த பிறகுதான் மகனிடம் கொடுத்தார். "இப்பச் சரி. ஆளுக்குப் போய்ச் சேந்துருச்சு."

எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கடிதங்களையும் அவர்தான் வாசிப்பார். நல்ல சேதி என்றால் வாசலில் நின்றே வாசித்துவிடுவார். கெட்ட சேதி என்றால், "முதல்ல தேத்தண்ணிய குடிங்க" என்பார். அதனால் அவர் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாலே எனக்குத் தொண்டையில் இறங்காது.

அவர் மனைவிக்கு வயிற்று நோவு வந்தபோது தோட்டத்தில் வேன் கிடையாது. கொழுந்து லொறியில், சாக்குகள் மேல் படுக்க வைத்து அனுப்பினோம். "நான் முந்திப் போயி டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்று அவர் குறுக்கால் இறங்கி ஓடினார். லொறி வருவதற்கு வெகுநேரம் முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். லொறி வந்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

இனி ஓட்டப் பந்தயத்துக்கு வருகிறேன். சுற்றித்தான் வருகிறேன், தெரிகிறது. முழங்கால் நோவு வந்த நாளிலிருந்து நான் குறுக்கை விட்டு ரோட்டால் சுற்றித்தான் போகிறேன், பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, நோயாளிகளை ஏற்றிப் போக ஒரு வேன் தருவதாகச் சொன்னார். சும்மா இல்லை. சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் தர்ம ஓட்டம் ஒன்று வைக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலை ஆலையிலிருந்து, டவுன்வரை முழு ரோட்டையும் ஓடி முடித்தால் வேன் எங்களுக்கு. ஒருத்தர் குறைந்தாலும் அடுத்த தோட்டத்துக்கு. நேரம் ஆறு மணிவரை.

கொழும்பு ஹோட்டல்களில் கொத்துரொட்டி போட்டுத் தொந்தி வளர்த்திருந்த எங்கள் இளவட்டங்கள் லீவில் வந்திருந்தார்கள். அவர்களையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்து இருபத்தொன்பது பேர் தேறினார்கள். அதற்கு மேல் ஒரு காலும் அசையவில்லை. அப்போது தபாலு கையைத் தூக்கினார்.

"தாத்தா, ஒங்களால ஏலுமா?" என்றான் ஒருத்தன்.

"நீ மொதல்ல ஒன் வயித்த தூக்கிட்டு ஓடுடா. வேன் வரணும். அவ்வளவுதான்."

எல்லோரும் ரோட்டால்தான் வந்தார்கள் என்பதற்கு மூன்று வளைவுகளில் ஓடுகிறவர்கள் கையில் ரிப்பன் கட்ட ஏற்பாடு. நான் நாலாவது வளைவில், டர்பன்டைன் மரத்தடியில், மஞ்சள் ரிப்பனோடும் ஒரு வாளி இஞ்சித் தேத்தண்ணியோடும் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு விசில் ஊதினார்கள். என்னிடம் முதல் ஆள் வருவதற்குள்ளேயே கீழே டவுனில் கைதட்டல் கேட்டது. தபாலு முதலாவதாக வந்துவிட்டார்!

அங்கே ரிப்பன் எண்ண நின்ற போலீஸ் ராலஹாமி அசந்துபோய், "சீயா, கோமத ஆவே?" என்று கேட்டாராம், எப்படி வந்தீர்கள் தாத்தா என்று.

தபாலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கெட்டி பாரென் மாத்தயா!" என்றாராம். குறுக்கு வழியால்!

அவர் ஏமாற்றவில்லை. டவுனுக்குப் போ என்றால் அவர் காலுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். ரிப்பன் எங்கே என்று கேட்டதற்கு, "ரிப்பன் கட்ட நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று சிரித்திருக்கிறார். விஷயத்தை விளக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற இருபத்தொன்பது பேரும் தவழ்ந்தும் தள்ளாடியும் வந்து சேர்ந்துவிட்டார்கள். குறைந்தது அவர் ஒருத்தர்தான்.

டவுனிலிருந்து எங்கள் பையன் ஒருத்தன் எனக்கு போன் பண்ணினான். "தாத்தா, தபாலு தாத்தா ஒங்கள தாண்டித்தான் போனாருன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ரிப்பன் நாங்க பாத்துக்குறோம்."

வேன் போய்விடுமே. நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் போனை தபாலு பிடுங்கிவிட்டார்.

"கங்காணி, கையில வாங்காத தபாலுக்கு நான் கையெழுத்து போடவா? அங்கயே இருங்க. வர்றேன்."

திரும்ப மலையேறி ஸ்டோருக்குப் போனார். எந்த வழியால் என்று கேட்காதீர்கள். குறுக்கால்தான். அது போட்டியில் சேராதாம். அங்கிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தார்.

நாலரை மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. ஐந்தடிக்கு அப்பால் மரம்கூடத் தெரியவில்லை. வாளித் தேத்தண்ணி ஐஸாகிவிட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது. பிறகு திட்டு வந்தது. கடைசியாகத்தான் தபாலு வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால், ஓடி முடித்து அவரோடு மறுபடி மலையேறிய இருபத்தொன்பது பேரும், லயத்துப் பெண்களும், இரண்டு நாயும்.

"எவன்யா இந்த ரோட்ட போட்டான்? ஒரே தேயில மரத்த மூணு தடவ காட்டுறான்!"

"பேசாதய்யா. மூச்ச புடிச்சு வையி" என்றேன்.

மஞ்சள் ரிப்பனைக் கையில் கட்டினேன். உடனே ஓடுவார் என்று பார்த்தால் நின்றுவிட்டார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போகவேண்டிய வழியைப் பார்த்தார்.

"கங்காணி, இன்னும் எத்தன வளைவு?"

"மூணு."

"லொறி இத்தனையுமா சுத்துச்சு?"

எந்த லொறி என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"நான் அங்க போயி நின்னுகிட்டு, என்னடா இன்னும் காணமேன்னு டிரைவர திட்டுனேங்க" என்றார். அதன் பிறகு ஓடினார். உண்மையாகவே ஓடினார். தொந்திக்காரப் பிள்ளைகளால் பின்னால் வர முடியவில்லை. ஆறு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மூன்று ரிப்பனையும் ராலஹாமி கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாராம். வேறு யார் கையை நீட்டியும் கொடுக்கவில்லையாம்.

வேன் வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, முதலாவதாக அவரை ஏறச் சொன்னார்கள். "நோயாளிக்கு வந்த வண்டி. எனக்கு என்ன நோவு?" என்று குறுக்கால் இறங்கிப் போய்விட்டார்.

போன ஆடி மழையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் குறுக்கில் இறங்கினேன். பாதி நடந்தேன், பாதி உட்கார்ந்தபடியே வழுக்கினேன். வேன் கடைசி வளைவுக்கு வரும்போது சேறும் அட்டையுமாக ரோட்டோரம் நின்றேன். டிரைவர் நிறுத்தினார். தபாலு படுத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க கங்காணி, குறுக்காலயா வந்தீங்க?"

"ஆமாய்யா."

"அப்பச் செல்லாது. திரும்பப் போயி ரோட்டால வாங்க."

சிரித்தார். வேன் போய்விட்டது. அவர் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

மறுநாள் சேதி கேட்டு, தோட்டமே குறுக்கால் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டால் போனேன், ஏழு வளைவில் ஒன்றையும் விடாமல். எல்லோருக்கும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனாலும் அது செல்லும்.