எந்தச் சாணைக்காரர்?

அன்பிலும் குறையாத, கோபத்திலும் குறையாத என் தங்கைக்கு,

மூட்டுவலி ஒன்று நீங்கலாக மற்ற எல்லா நலமும் உள்ள உன் நடு அண்ணன் எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும், உன் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வரும் நாய்களும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கக் கூடாது. பெரியண்ணன் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார், என்னைத் திட்டுகிறார். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் இருமுவேன், விஷயம் நடுத்தெருவில் நிற்கும். அதனால்தான் நாளைக்கு உன் ஊருக்கு விமானம் ஏறுகிற எதிர்வீட்டு டீச்சர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் ஒரு காலையில் அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டு, உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் ஏன் முட்டாள்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஏலக்கடையில் கூவிக் கூவி வளர்ந்த குரல், உனக்குத்தான் தெரியுமே, குளியலறைக் கதவு அதிரும். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. திடீரென்று பேச்சு நின்றது. நம் அண்ணன் பேச்சை நிறுத்தினால் ஒன்று தூக்கம், இல்லாவிட்டால் ஆபத்து. நின்றுகொண்டே தூங்குகிற ஆள் இல்லையே என்று ஓடிப்போய்ப் பார்த்தால், சவரக்கத்தி தொட்டியில் கிடக்கிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது, வலது கை ஈரத்துண்டு மாதிரி தொங்குகிறது. பிடித்துத் தரையில் உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். "சாணைக்காரர் வீடு, சீக்கிரம் வாங்க" என்றேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அந்தப் பேர் நம் வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தோம், இல்லையா? கொள்ளுத்தாத்தா சாணைக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கத்தி தீட்டினார். அவர் கல்லை இறக்கிவைத்த மூலை சாணைக்காரர் முக்கு ஆயிற்று, முக்கு தெருவாயிற்று, தெருவில் கடை போட்டவன் எல்லாம் பலகையில் அந்தப் பேரையே எழுதினான். அப்புறம் வாடகை ஏறியது. கடைக்காரர்கள் இடத்தைக் காலி பண்ணியபோது தட்டுமுட்டுச் சாமானோடு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஊரின் அந்தக் கோடியில் சாணைக்காரர் பேக்கரி, இந்தக் கோடியில் சாணைக்காரர் மேம்பாலம், நடுவில் கால்பந்துக் குழு ஒன்று, கொசுவலைக் கம்பெனி ஒன்று. ஆஸ்பத்திரிக்கே அந்தப் பேர். அறுவைச் சிகிச்சைக்கு இதைவிட நம்பிக்கை தருகிற பேர் கிடைக்காது என்று அண்ணன்தான் கேலி செய்வார். போதாததற்கு நீ வேறு கடல் கடந்து போய் நாய்க்கு முடி வெட்டும் கடைக்கு அதே பேரை வைத்தாய். "நாய்க்கா நம்ம பேரு!" என்று அவர் உன்னோடு பேச்சை விட்டதும், "எங்க தாத்தா தீட்டின கத்தரிக்கோலை யாராவது உபயோகப்படுத்த வேணாமா?" என்று நீ திருப்பிக் கொடுத்ததும் ஊருக்கே தெரிந்த கதை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆம்புலன்ஸ் வரவில்லை. டிரைவரிடமிருந்து போன்தான் வந்தது. "ஐயா, சாணைக்காரர் வாசல்லதான் நிக்கிறோம். யாரும் வெளிய வரலையே?"

"நான் வாசல்லதானப்பா நிக்கிறேன். உன்னைக் காணோமே!"

"ரொட்டி வாசனை வருது ஐயா."

"ஐயோ, அது பேக்கரி! அங்க யாருக்கும் ஒண்ணும் இல்லை, எல்லாரும் கல்லு மாதிரி இருக்கானுங்க. சாகப் போறது இங்க. வண்டியைத் திருப்புய்யா!"

இப்படித்தான் கத்தினேன். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உனக்கே தெரியும். அவன் திருப்பினான். அதற்குள் பக்கத்துத் தெருவில் தண்ணீர் கேன் போட வந்த வண்டிக்காரர் என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்து, "ஆம்புலன்ஸை நம்பிட்டு நின்னா ஆள் தங்க மாட்டாரு, தூக்குங்க" என்று அண்ணனைக் கேன்களுக்கு நடுவில் படுக்கவைத்தார். எனக்கு இடமில்லை. "சாணைக்காரர் ஆஸ்பத்திரிக்கு விடுங்க, பின்னாடியே வர்றேன்" என்றேன். இது இரண்டாவது தப்பு. வெகுநேரம் நின்று ஒரு டாக்சி பிடித்து, நெரிசலில் ஊர்ந்து நான் போனது மேம்பாலத்தடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. வண்டிக்காரர் போனது அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்த சாணைக்காரர் பிரசவ ஆஸ்பத்திரிக்கு. அவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். தபால் ஆபீசில் ஊராருடைய கடிதங்களையெல்லாம் தெருவாரியாகப் பிரித்துச் சரியான வாசலில் சேர்த்தே தலை நரைத்தவன் நான். கூடப் பிறந்த அண்ணனைச் சரியான வாசலில் சேர்க்கத் துப்பில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மூச்சு வாங்கிக்கொண்டே, "சாணைக்காரரை இப்பக் கொண்டு வந்தாங்களா?" என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். வரவேற்பில் இருக்கிற பெண் எழுந்து நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு ஊழியர் வந்து என் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிப்போனார். "மனசைத் தேத்திக்குங்க பெரியவரே" என்றார். குளிர் அடிக்கும் அறை. வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எப்படி அழுதேன் என்றால், அம்மா போனபோது அழாததையும் சேர்த்து அழுதேன். "நேத்து உன்னை எதிர்த்துப் பேசினேனே, இனிமே யாரு என்னை முட்டாள்னு சொல்லுவா" என்று என்னென்னவோ சொன்னேன்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. நடுவயது அம்மா ஒருவர், கையில் சாப்பாட்டுப் பை. காலை வேலைக்குப் போன புருஷனுக்குக் கொண்டுவந்த சாப்பாடு போலிருக்கிறது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தம்பி."

"அவருக்குத் தம்பி கிடையாதே."

அப்போதுதான் துணியை விலக்கிப் பார்த்தேன். பெரிய மீசை. புருவத்தில் மாவு. முன்பின் பார்த்தறியாத மனிதர். தங்கச்சி, அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. நம் ஆள் இல்லை என்ற சந்தோஷம். அதை முகத்திலிருந்து மறைக்கக்கூட எனக்கு அவகாசம் இல்லை. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தவராம். கடைப் பேர் ஆளோடு ஒட்டிக்கொண்டு, அவரையும் எல்லாரும் சாணைக்காரர் என்றே கூப்பிடுவார்களாம். "காலையிலேர்ந்தே நெஞ்சு கனமா இருக்குன்னாராம். ஆம்புலன்ஸ் கடை வாசலுக்கே வந்து நின்னுச்சாம், கூப்பிடாமலே. கடவுளே அனுப்பினாருன்னு இவரைக் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டு வர்றதுக்குள்ள யாரோ போன் பண்ணி வண்டியைத் திருப்பிட்டாங்களாம். வாசப்படியிலயே விழுந்துட்டாரு. எவன்னு தெரியலை. அவன் நல்லா இருப்பானா?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். நாக்கு கேட்கவில்லை. "நான்தாம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் விழுந்தது, போன் வந்தது, கல்லு மாதிரி இருக்கானுங்க என்று நான் சொன்னது உட்பட. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"உங்க அண்ணன் பொழைச்சாரா?"

"தெரியலை. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க? போய்த் தேடுங்க. என் ஆளு எங்கயும் போக மாட்டாரு."

படி ஏறிப் போனேன். வரவேற்புப் பெண் அதற்குள் நாலு இடத்துக்குப் பேசி, பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு கன்னம் மட்டும் மழித்த பெரியவர் ஒருவர் வந்து இறங்கியதையும், அவர்கள் பதறிப்போய் முதலுதவி செய்து அவசர வண்டியில் இங்கேயே அனுப்பியதையும் கண்டுபிடித்துச் சொன்னாள். அண்ணன் இதே கட்டடத்தில் எனக்கு மேலே இரண்டாம் மாடியில் படுத்திருந்திருக்கிறார். பார்த்தேன். மூக்கில் குழாய், கன்னத்தில் காய்ந்த நுரை, மணிக்கட்டில் 'தாய்' என்று அச்சடித்த ரோஜா நிறப் பட்டை. கையில் கிடைத்ததைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பெண்டாட்டியும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் ஒண்டிக்கட்டையாக இருந்தவர், கடைசியில் ஒரு நாளாவது தாயாக இருந்துவிட்டார்.

இப்போது நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னல் பக்கத்துக் கட்டில். கஞ்சி குடிக்கிறார். நான் போனதும் முதலில் கேட்டதே, "எங்கடா போய்த் தொலைஞ்சே, முட்டாள்?" என்றுதான். உன்னைப் பற்றியும் பேசினார். "தங்கச்சிக்கு எழுது. கடையைப் போட்டுட்டு ஓடி வர வேணாம்னு சொல்லு. வாயில்லா ஜீவன் எல்லாம் முடி வளர்ந்து கண்ணு தெரியாம நிக்கும், பாவம்" என்றார். பேர் வைத்த விஷயத்தையும் அவராகவே எடுத்தார். "நன்றியுள்ள ஜந்துவுக்குத்தானே வெச்சா, மனுஷனுக்கு வெக்கலையே. சரியாத்தான் வெச்சிருக்கா" என்று சிரித்தார். ஆக, உன் மேல் இருந்த கோபம் தீர்ந்தது. இத்தனை வருஷம் நீ எதிர்பார்த்த வார்த்தை வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இரு. பயணச் செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழட்டும். உன் கத்தரிக்கோல் மழுங்காமல் இருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
நடு அண்ணன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால் இலாகாவில் வேலை பார்த்தவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது.

மேலே அண்ணன் ஆஸ்பத்திரியில் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு வார்த்தைகூட அவர் சொன்னது இல்லை. எல்லாம் நான் சொன்னது. என்னை முட்டாள் என்றதும் நான்தான். உயிர் தப்பியது நிஜம், கஞ்சி நிஜம். பேச்சு போய்விட்டது. முழுக்கவும் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை தங்கியிருக்கிறது. டாக்டர் பேர் கேட்டபோது "சாணைக்காரர்" என்றார். எனக்குச் சந்தோஷம். ஊர் கேட்டார், "சாணைக்காரர்." தண்ணீர் வேண்டுமானாலும் சாணைக்காரர்தான், தலையணை சரிந்தாலும் சாணைக்காரர்தான். நர்ஸ் என்னைக் காட்டி இது யார் என்று கேட்டாள். அதற்கும் அதே பதில், கண்ணில் தண்ணீரோடு. உள்ளே எல்லாம் தெரிகிறதாம், வாய்க்கு வரும்போது எல்லாம் அந்த ஒன்றாகவே வருகிறதாம். மற்ற வார்த்தைகள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். நீ வந்தால் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அதில் உனக்கென்று ஒரு வார்த்தை இருக்காது, அதைத் தாங்க மாட்டாய் என்று பயந்துதான் நானே இட்டுக்கட்டி எழுதினேன்.

அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி முடித்து, உறையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் வார்டு வாசலில் அந்த அம்மா. அடுப்புக்காரர் மனைவி. உள்ளே வராமல், "இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன். வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அண்ணன் யாரைப் பார்த்தாலும் சொல்வதுபோல அவரைப் பார்த்தும், "சாணைக்காரர்" என்றார். உடைந்த குரலில், ரொம்ப மரியாதையாக. அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு போன விஷயத்தை நான் தடுமாறித் தடுமாறி விளக்கினேன். காதில் வாங்கினாரா தெரியாது. "அவர் போனதுலேர்ந்து வீட்டுல யாரும் அவர் பேரை எடுக்க மாட்டேங்கிறாங்க, நான் அழுவேன்னு. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை. அண்ணனாகவே சொன்னார். பிறகு மறுபடியும். இடது கையை மெல்ல நகர்த்தி அந்த அம்மா கைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, அந்த அம்மா என்ன கேட்டாரோ, எனக்குத் தெரியாது. ஒருவர் பேசினார், ஒருவருக்கு அது போதுமாக இருந்தது.

அதனால் நீ கிளம்பி வா. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. அண்ணன் உன்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, நீயே வந்து கேட்டுக்கொள். என்ன பதில் வரும் என்று தெரியும். எந்த அர்த்தத்தில் வருகிறது என்று முகத்தைப் பார்த்து நீ முடிவு பண்ணு. இங்கே அவருக்கும் சேர்த்து நானே பேசி, நானே திட்டி, நானே பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தனால் முடியவில்லை, தங்கச்சி. வந்து பாதியை நீ பேசு.