விடுதி விருந்தும் வேகாத சேம்பிலையும்

ஐட்டுடாக்கி,
திங்கள், காலை.

ஆக்லாந்துக் குளிரில் மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு இதைப் படிக்கும் என் உடன்பிறந்த அக்கா அகாயித்தி அவர்களுக்கு, தம்பி ருவா பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், வீடு, ஆறு கோழிகள், பன்றி எல்லோரும் நலம். தெபோரியும் நலம். இதை அவளே சொன்னாள். அதுவும் என்னிடமே சொன்னாள் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் தாய்மொழியை மறக்காமல் இருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் எழுதவும்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீங்கள் அங்கிருந்தே ஏற்பாடு செய்த விருந்து எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததை நீங்கள் தெபோரியின் தங்கை வாயால் கேட்டிருப்பீர்கள், அது முழு உண்மை அல்ல. சபையில் ஞாயிறு பள்ளிக்குப் புதுக் கூரை போட்ட அன்று பெரிய விருந்து. தெபோரி வழக்கம்போல் ருகாவ் செய்து கொண்டுவந்திருந்தாள். சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் அவள் வேகவைத்தால் போதகரே ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு உப்பு ஒரு துளி, ஒரே ஒரு துளி தூக்கலாக இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வை பார்த்து, எது கண்ணில் பட்டாலும் குறை எழுதிப் பழகிய ஆள் நான். "என்ன தெபோரி, நம்ம கடல்ல பாதிய உள்ள ஊத்திட்டியா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ரோங்கோ, பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன், அவன் சிரித்ததுதான் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தெபோரி சிரிக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக் கூடையில் வைத்தாள், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை அக்கா. சமையல் நடந்தது. வாசனை வந்தது. பன்றிக்குக்கூட ஒரு பங்கு போனது. எனக்கு மட்டும் மேசைமேல் டின் இறைச்சியும் திறப்பானும். நான் பன்றியோடு சமரசம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் பரிசு வந்தது. கடலுக்கு நடுத் திட்டில் புதிதாக வந்திருக்கும் விடுதியில் இரண்டு பேருக்கு விருந்து. நீங்கள் சமாதானத் தூதராக இதைச் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிந்தது. தெபோரிக்கும் புரிந்தது. அவள் பன்றியைப் பார்த்து, "பெரிய அண்ணி கூப்பிட்டிருக்காங்க, அவங்களுக்காகத்தான் போறேன், வேற யாருக்காகவும் இல்ல" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பேசாத பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் இருவருக்கும் நடுவில் கூடையை வைத்திருந்தாள். வளைவில் என்னைப் பிடிக்காமல் கூடையைப் பிடித்துக்கொண்டாள். விடுதியில் மூடிய ஷூ போட வேண்டும் என்று சட்டமாம். மகள் கல்யாணத்துக்கு வாங்கியதை எடுத்தால் ஒன்றுக்குள் நண்டு குடித்தனம் நடத்தியிருந்தது. காலி செய்து போட்டுக்கொண்டேன். படகில் ஏறி அக்கரை இறங்கியதும் சங்கு ஊதி மாலை போட்டார்கள். ஊதியது யார் என்று பார்த்தால் நம் ரோங்கோ! ஞாயிற்றுக்கிழமை கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு பாடுகிற மனிதன், இடுப்பில் பூப்போட்ட துணி, காதில் செம்பருத்தி, தொப்பையில் எண்ணெய் பளபளக்க நின்றான்.

"கியா ஒரானா! எங்க அழகான தீவுக்கு உங்கள வரவேற்கிறோம். இதுதான் மொதல் தடவையா சார்?" என்றான்.

"ரோங்கோ, எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு வேலிதான்யா இருக்கு. அதையும் போன மாசம் உன் ஆடு தின்னுடுச்சு."

அவன் சிரித்த முகம் மாறாமல் குனிந்து காதில் சொன்னான்: "அண்ணே, மேனேஜர் பாக்குறாரு. மொதல் தடவைன்னு சொல்லித் தொலைங்க."

"மொதல் தடவைதான்" என்றேன். அறுபத்தாறு வருடமாக இந்தக் கடலில் மீன் பிடிக்கிறவன் வாயால்.

மேசை கடலைப் பார்த்து இருந்தது. எட்டு மேசையிலும் ஆள். பக்கத்தில் கல்யாணமாகி நாலு நாள் ஆன ஒரு வெள்ளைக்கார ஜோடி, அவர்கள் ஒரே ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நடுவில் ஒரு கப்பலே நங்கூரம் போடலாம். சமையல்காரர் பெயர் பிரெண்டன், மெல்போர்னிலிருந்து வந்தவர். பொலினீசியச் சமையலை ஜப்பானோடும் பிரான்சோடும் சேர்த்துக் கல்யாணம் பண்ணிவைக்கிறாராம். முதலில் ஒரு சிப்பி வந்தது. அதற்குள் நம் ஈகா மாத்தா. நாம் எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சட்டி நிறையப் பிசைவோமே அந்தப் பச்சை மீன், அங்கே ஒரே ஒரு துண்டு, அதன்மேல் நுரை. மீன் கடைசியாக விட்ட மூச்சு போல இருந்தது. அடுத்து ஒரு கருங்கல்லில், சுட்ட ஈரப்பலாவைச் சாம்பலில் புரட்டி, சாக்பீஸ் அளவு நறுக்கி வைத்தது. "இது ஈரப்பலா, மரத்தில் காய்க்கும்" என்று ரோங்கோ எனக்கு விளக்கினான். அவன் வீட்டு மரத்தை நட்டது நான்.

அந்த நேரம் முழுக்க எங்கள் பேச்சு ரோங்கோ வழியாகத்தான் நடந்தது. "ரோங்கோ, அந்த மனுசன் கையத் தட்டுல ஊனுறாரு, எடுக்கச் சொல்லு." "ரோங்கோ, அந்தம்மாவ அவங்க தட்டைப் பாத்துச் சாப்பிடச் சொல்லு." அவன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, "சார், மேடம் சொல்றாங்க... மேடம், சார் சொல்றாரு..." என்று கடைசியில், "அண்ணே, அண்ணி, எனக்குக் கழுத்து வலிக்குது. நேரா பேசித் தொலைங்களேன்" என்றான்.

அப்புறம்தான் அந்தத் தட்டு வந்தது. "இளஞ்சேம்பு இலை. நெருப்புல ஒரு நொடி காட்டி, எள்ளு தூவி, தேங்காய்ப்பாலைப் பொடியாக்கி மேல தெளிச்சது. செஃப்போட புது ருகாவ்" என்று ரோங்கோ கூரையைப் பார்த்தபடி ஒப்பித்தான். அவன் ஏன் கூரையைப் பார்த்தான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இலை பச்சைப்பசேல் என்று மொறுமொறுவென்று நின்றது. சேம்பிலை அந்த நிறத்தில் இருந்தால் வாயில் வைக்கக்கூடாது என்று நம் வீட்டுக் கோழிக்கும் தெரியும். அக்கா, எனக்கும் தெரியும். ஆனால் பதினோரு நாள் டின் இறைச்சி சாப்பிட்டவனுக்குக் கண்ணைக் கோபம் மறைத்துவிட்டது. ஒரு இலையை மென்று, தெபோரிக்குக் கேட்கும்படி சத்தமாக, "ஆகா! ரோங்கோ, இதல்லவா ருகாவ்! உப்பு பாரு, அளவா, அடக்கமா! செஃப் கையில முத்தம் குடுக்கணும்" என்றேன்.

தெபோரி இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "ரோங்கோ, அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு போல. என்னோடதையும் சாப்பிடச் சொல்லு" என்றாள். நான் வீம்புக்கு அதையும் சாப்பிட்டேன்.

அக்கா, முதலில் நாக்கு நுனியில் ஒரு எறும்பு. பிறகு அதன் குடும்பம். பிறகு தொண்டை முழுக்க எறும்புப் புற்று. தண்ணீர் குடித்தேன், நெருப்பில் எண்ணெய். உதடு தடித்துப் படகு போல் முன்னால் வந்தது. "தெபோ" என்று கூப்பிட வாயைத் திறந்தால் "ஹெஃபோ" என்று வந்தது. அப்போது அவள் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எரிச்சலில் உயிர் போகிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது என்பதுதான் எனக்கு அப்போது உறைத்தது.

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். அதே தட்டுகள் மற்ற மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. புதுப்பெண் ஏற்கெனவே ஒரு வாய் வைத்துவிட்டுக் கழுத்தைச் சொறிய ஆரம்பித்திருந்தாள். தெபோரி எழுந்தாள். "யாரும் அதத் தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த நாரை பறந்தது. தொப்பியோடு மேசை மேசையாகப் போய், வாய்க்குப் போன முள்கரண்டியைக்கூடப் பிடுங்கி, அத்தனை தட்டையும் அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு பிரெண்டன் வந்தார். நல்ல உயரமான மனிதர். பொறுமையாகத்தான் பேசினார்.

"அம்மா, இது புது முறை. இலையோட உயிர் போகாம இருக்கணும்னுதான் வேகவைக்கல."

"இலையோட உயிர் போகாது. தின்னவனோட உயிர்தான் போகும். நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"ஓரமா கொஞ்சம் கிள்ளி..."

"இப்ப முழுசா சாப்பிடுங்க."

அவர் தன்மானம் உள்ளவர். ஒரு இலையை முழுதாக மென்று விழுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெபோரியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதலில் அவர் காது சிவந்தது. பிறகு கட்டிய கை தானாக அவிழ்ந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், "ஹாவ்" என்றார் அவர், "ஹாவ்" என்றேன் நான். ஆங்கிலத்திலும் நம் மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தெபோரி அவரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். எலுமிச்சைச் சாறும் கெட்டித் தேங்காய்ப்பாலும் கலந்து அரித்தவர்களுக்கெல்லாம் கொப்பளிக்கக் கொடுத்தாள். புதுப்பெண்ணுக்குத் தன் மடியில் தலை சாய்த்துக் கொடுத்தாள். எனக்குக் கடைசியாகத்தான் கொடுத்தாள். அத்தோடு விடவில்லை. பசியோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, புது இலை எடுத்து, நரம்பு கிழித்து, பெரிய அண்டாவில் போட்டு முறையாக வேகவைக்க ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும் மேனேஜர் வியர்த்துப்போனார். ரோங்கோ காதுப் பூவைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தொண்டையில் எடுத்துவிட்டான். வெள்ளைக்காரர்கள் அதையும் விருந்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் ருகாவ் வந்தது. கருநிறமாக, குழைந்து, தேங்காய்ப்பால் பளபளக்க. நுரையில்லை, கல்லில்லை, கிண்ணம் நிறைய. எட்டு மேசையிலும் பேச்சு நின்றது. பிரெண்டன் வாசலில் நின்றபடியே தடித்த உதட்டோடு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். தெபோரி என் எதிரில் வந்து உட்கார்ந்து, ரோங்கோவைக் கூப்பிடாமல், நேராக என்னிடமே கேட்டாள்:

"உப்பு?"

அக்கா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்கும் ஒரு துளி தூக்கல்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. நாற்பது வருடமாக நான் சரக்குப் பட்டியலைப் பார்ப்பது போலத்தான் இவள் சமையலைப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கிண்ணத்தைக் காலி செய்து இன்னொரு தரம் நீட்டினேன். "நாக்கு இப்படியே இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். திரும்பி வரும்போது கூடை ஸ்கூட்டரின் முன்பக்கம் இருந்தது.

ஆகவே உங்கள் பரிசு முழு வெற்றி என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விடுதி வாசலை இனி என் ஷூ மிதிக்காது. எனக்கு எதற்கு அது? சொந்த அடுப்படியில் என் மனைவி சமைக்கிறாள், நான் சொந்த மேசையில் வெறுங்காலோடு சாப்பிடுகிறேன். உலகத்திலேயே கொடுத்துவைத்த மனிதன் நான்தான். அத்தான் முழங்காலுக்கும், உங்கள் கணப்புக்கும், பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் கர்த்தர் துணை இருப்பாராக. தெபோரி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பன்றியும் நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ருவா.

பின்குறிப்பு: விமானம் வெள்ளிக்கிழமைதான் என்பதால் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது, அதனால் இதையும் சேர்க்கிறேன். திங்கள் மத்தியானம் பிரெண்டன் படகில் வந்து, எங்கள் வாசலில் நின்று, தெபோரிக்கு மாலை போட்டு, சமையலறையை அவள் கையில் ஒப்படைப்பதாகச் சொன்னார். நான் யோசித்துச் சொல்கிறோம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலையில் போகிறாள், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து அப்படியே தூங்கிவிடுகிறாள். அங்கே சமைத்ததை வெளியே எடுத்து வரக்கூடாதாம், சட்டம். புதன்கிழமை நான் ஷூவைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு ஆளுக்கு மேசை வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். "மன்னிக்கணும் சார், நம்ம புது செஃப் வந்ததுலேருந்து ரெண்டு வாரத்துக்கு எடமே இல்ல" என்றான் ரோங்கோ. நான் அந்த செஃப்பின் புருஷன் என்று சொன்னேன். "தெரியும் அண்ணே. அண்ணிகிட்ட அதையும் கேட்டுப் பாத்துட்டேன். வரிசையில வரச் சொல்லுன்னாங்க."