புளிச்சோற்றோடு போன பிராது

தலைகுனிந்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. மிராசுதார் வீட்டு வாசலிலேயே நிமிர்ந்து நின்றவள் நான். ஒரே ஒரு தடவை குனிந்தேன். காரணம், நானே கிளறிய ஒரு தூக்குவாளிப் புளிச்சோறு.

குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். நன்னிலம் பக்கத்தில் மூன்று மா நஞ்சை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், எங்கள் சாகுபடியில் இருந்தது. எங்கள் பேர் ஏறக்கூடாது என்று மிராசுதார் வழக்குப் போட்டார். நாங்களும் ஒரு வக்கீல் வைத்தோம். வாய்தா அன்றைக்கு அவர் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. நிலத்தை விட்டு இறங்கு என்று தீர்ப்பாகிவிட்டது. கேட்டால், "காய்ச்சல்மா" என்றார். (அன்றைக்கு மிராசுதார் மகள் கல்யாணப் பந்தியில் அவர் பாயசம் குடித்ததை ஊரே பார்த்தது. அந்தக் காய்ச்சலுக்கு அதுதான் மருந்து போலிருக்கிறது.)

தப்புச் செய்த வக்கீலை விசாரிக்க மெட்ராஸில் ஒரு சபை இருக்கிறது, அங்கே அவர் தப்பு ரூபணமானால் நம் வழக்கையும் மறுபடி எடுக்கவைக்கலாம் என்று விவசாய சங்கத்துக்காரர் ஒருவர் மனு எழுதித் தந்தார். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தவர்தான் வெற்றிலை பாக்கு வைத்து, கூடியவர்களுக்குச் சோறும் போட வேண்டும். பிராது மெய்யென்றால் தப்புச் செய்தவன் அந்தச் செலவைத் திருப்பித் தருவான். மெட்ராஸிலும் அப்படித்தானே இருக்கும்? விடியும் முன்பே எழுந்து கிளறினேன்.

"அங்கெல்லாம் இதைத் தொடமாட்டாங்கடி" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? தஞ்சாவூர்க்காரிக்கு முறை தெரியலைன்னு பேசுவாங்க."

(அவர் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். என்னோடு அவர் நடத்திய வழக்கெல்லாம் இப்படித்தான் முடியும்.)

மெட்ராஸ் சபையில், மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டில் மூன்று பெரியவர்கள். ஆளுக்கு ஒரு வாழையிலை விரித்து, ஓரத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, தூக்குவாளியைத் திறந்தேன். நல்லெண்ணெய் வாசம் அறையெல்லாம் பரவியது.

எங்கள் வக்கீலுக்காக வந்திருந்த வக்கீல் (வக்கீலுக்கும் வக்கீல் வேண்டியிருக்கிறது!) துள்ளி எழுந்தார். "ஐயா, இது லஞ்சம்! மனுவைத் தள்ளுபடி பண்ணணும்!"

மனு போனால் நிலமும் போச்சே!

நடுவிலிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது?"

"பஞ்சாயத்துச் செலவுங்க. பிராது கொடுத்தவ நான்தானுங்களே."

"இங்க செலவு உங்களுது இல்லம்மா. வக்கீலுங்க எல்லாரும் கட்டுற பணத்துல நடக்குது."

சும்மா இருந்திருக்கலாம். இருக்கிற வாயா இது? "அது எப்படிங்க நியாயம்? ஒழுங்கா வாய்தாவுக்குப் போன வக்கீல் எதுக்குங்க கட்டணும்? போகாதவருதானே கட்டணும்?"

"தப்பு ரூபிக்கலைன்னா?"

"பொய்ப் பிராது கொடுத்தவ கட்டட்டும். அதுக்குத்தான் சோத்தோட வந்திருக்கேன்."

"அப்படின்னா ஏழைப்பட்டவங்க ஒருத்தரும் பயந்துகிட்டு இங்க வரமாட்டாங்களேம்மா" என்றார். பிறகு இலைகளைக் காட்டினார்.

"முதல்ல இதையெல்லாம் எடுங்க."

இலைகளைச் சுருட்டிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, தூக்குவாளியோடு வெளியே நடந்தேன். தலை தானாகக் குனிந்தது.

மதியம் வராந்தாவில் நானும் வீட்டுக்காரரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வக்கீல் தூணோரம் வாடிப்போய் நின்றார். கோபம்தான், ஆனாலும் பசித்தவனை நிற்கவைத்து எப்படிச் சாப்பிடுவது?

"வாங்க, உக்காருங்க. காய்ச்சல் உடம்புக்குப் புளிச்சோறு ஒத்துக்குமா?"

தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுபடி கூடியதும், தன் வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் வக்கீலே எழுந்தார். "காய்ச்சல் இல்லீங்க ஐயா. கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இந்தம்மா சொல்றது உண்மை."

அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் கோர்ட்டில் எங்கள் வழக்கை மறுபடி எடுத்தார்கள். பேர் பதிவாகி நிலம் நின்றது. எங்கள் ரயில் செலவை வக்கீலே தர வேண்டும் என்று பெரியவர் அன்றே சொல்லிவிட்டார். "சோத்துக்குங்க?" என்று கேட்கப் போன என்னை, வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

இன்றைக்கும் என் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டு நியாயம் கேட்டு வந்தால், "அம்மா, பிராது கொடுக்கணும். புளி ஊறவைக்கட்டுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஊறவை என்பேன். பொய்ப் பிராது என்றால் பாத்திரத்தையும் அவர்களே தேய்க்க வேண்டும்.